மணல் பாத்திக்கு மூடாக்கு: எதைப் போடுவது, எவ்வளவு போடுவது?

ஓட்டைக்குடம்

எங்கள் தோட்டத்து மண் முழுக்க மணல். ஈரமாக்கி இறுக்கிப் பிடித்தாலும் கையைத் திறந்ததும் உதிர்ந்துவிடுகிறது. நான்கு பாத்திகள் போட்டிருக்கிறேன். ஒவ்வொன்றும் 3 மீட்டர் நீளம், 1.2 மீட்டர் அகலம். இரண்டில் கத்தரியும் மிளகாயும் நிற்கின்றன, ஒன்றில் வெண்டை விதைக்கப் போகிறேன், ஒன்று காலி. காலையில் தண்ணீர் விட்டால் மதியத்துக்குள் செடிகள் தலை தொங்கிவிடுகின்றன. மாலையில் மறுபடியும் குழாயைப் பிடித்துக்கொண்டு அரை மணி நேரம் நிற்கிறேன். விடுகிற தண்ணீர் எங்கே போகிறதென்றே தெரியவில்லை.

மூடாக்கு (மண்ணின் மேல் சருகு, வைக்கோல் என்று எதையாவது பரப்பி மூடுவது) போட்டால் சரியாகிவிடும் என்று எல்லோரும் சொன்னார்கள். மரத்தூள் கிடைத்தது. இரண்டு விரற்கடை கனத்துக்குப் பரப்பினேன். காற்றில் பறக்கிறதே என்று களைக்கொத்தால் மேல்மண்ணோடு கொத்தியும் விட்டேன். மூன்று வாரம் ஆகிறது. கத்தரியின் அடி இலைகள் வரிசையாக மஞ்சளாகின்றன. நேற்று ஓர் ஓரத்தைத் தோண்டிப் பார்த்தேன். மேலே மரத்தூள் நன்றாக நனைந்திருக்கிறது. அதற்கு நான்கு விரல் கீழே மணல் மாவுபோல உலர்ந்து கிடக்கிறது. தண்ணீர் விட்டு ஒரு மணி நேரம்கூட ஆகியிருக்கவில்லை.

நான் போட்டது தவறான பொருளா, போட்ட விதம் தவறா? மூடாக்கை எடுத்துவிடலாமா?

பழைய மண்வெட்டி

பொருளைவிடப் போட்ட விதம்தான் தவறு. மரத்தூளை மண்ணோடு கொத்திவிட்டீர்கள் அல்லவா, மஞ்சளுக்குக் காரணம் அதுதான்.

மரத்தூளை மட்கச் செய்வது நுண்ணுயிர்கள். அவற்றுக்குக் கரிச்சத்தோடு (கார்பன்) தழைச்சத்தும் (நைட்ரஜன்) வேண்டும். இருபத்தைந்து முப்பது பங்கு கரிக்கு ஒரு பங்கு தழைச்சத்து இருந்தால் வசதியாகத் தின்னும். மரத்தூளில் ஒரு பங்கு தழைச்சத்துக்கு 400 பங்குக்கும் மேல் கரி இருக்கிறது. பற்றாக்குறையை நுண்ணுயிர்கள் மண்ணிலிருந்து எடுத்துக்கொள்கின்றன. மணலில் தழைச்சத்து முதலிலேயே சொற்பம். இருப்பதை அவை எடுத்துக்கொண்டால் செடிக்கு என்ன மிஞ்சும்? செடி தன் பழைய இலைகளிலிருந்து சத்தை உருவி இளந்தளிருக்கு அனுப்புகிறது. அதனால்தான் மஞ்சள் அடியிலிருந்து தொடங்குகிறது.

அதே மரத்தூள் மண்ணின் மேல் சும்மா கிடந்திருந்தால் இந்தச் சண்டை மண்ணும் தூளும் தொடும் மெல்லிய இடத்தோடு முடிந்திருக்கும். வேர்கள் அதற்குக் கீழே பிழைத்துக்கொண்டிருக்கும்.

இப்போது செய்ய வேண்டியது: வேரை அறுக்காமல் வாரி எடுக்க முடிந்த தூளை வாரி ஒரு மூலையில் குவியுங்கள், ஓராண்டு மட்கட்டும். செடிகளுக்குத் தழைச்சத்து உள்ள கரைசல் ஏதாவது கொஞ்சம் கொஞ்சமாக, வாரம் ஒருமுறை கொடுங்கள். ஒரேயடியாக ஊற்றினால் மணலில் நிற்காது, கழுவிக்கொண்டு போய்விடும். மஞ்சளான இலை திரும்பப் பச்சையாகாது. புது இலையைப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

சருகுமூட்டை

ஐயா சொன்னது மஞ்சளுக்குச் சரி. அந்த உலர்ந்த மணல் வேறு கதை.

ஓட்டைக்குடம், ஒரு சோதனை செய்து பாருங்கள். தோண்டிய இடத்திலிருந்து காய்ந்த மணலை ஒரு தட்டில் பரப்பி மட்டமாக்குங்கள். அதன் மேல் ஒரே ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டு எண்ணுங்கள். ஐந்து நொடிக்குள் உறிஞ்சினால் பிரச்சினை இல்லை. அதற்கு மேல் நின்றால் உங்கள் மணல் தண்ணீரை வெறுக்கத் தொடங்கிவிட்டது என்று பொருள்.

ஓட்டைக்குடம்

செய்தேன், அண்ணா. நம்ப முடியவில்லை. சொட்டு கோலிக்குண்டு மாதிரி உருண்டு நின்றது. நாற்பது வரை எண்ணினேன். தட்டை லேசாகச் சாய்த்ததும் மணல் துகள்களை மேலே பூசிக்கொண்டு ஓடிப்போய் விளிம்பில் நின்றது. கீழே மணல் நனையவே இல்லை. வீட்டில் எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டினேன்.

மணல் என்றால் தண்ணீரைக் குடித்துவிடும் என்றுதானே நினைத்துக்கொண்டிருந்தோம்?

சருகுமூட்டை

சுத்தமான மணல் குடித்துவிடும். இலைகளும் வேர்களும் மட்கும்போது மெழுகு போன்ற பொருள்கள் வெளிவருகின்றன. சில பூஞ்சைகளும் அப்படிப்பட்டதை விடுகின்றன. களிமண்ணில் துகள்கள் மிக நுண்ணியவை. பூசுவதற்கான மேற்பரப்பு ஏராளம், அந்த மெழுகு எங்கோ தொலைந்துபோகும். மணல் துகள் பெரியது, மொத்த மேற்பரப்பு குறைவு. கொஞ்சம் மெழுகே எல்லாத் துகள்களையும் பூசிவிடும். ஒருமுறை நன்றாகக் காய்ந்ததும் எண்ணெய் தடவிய தட்டு மாதிரி ஆகிவிடுகிறது. பிறகு குழாயில் விடும் தண்ணீர் இளக்கமான ஓரிரு வழிகளைப் பிடித்துக்கொண்டு நேரே கீழே இறங்கிவிடும். அந்த வழிகளுக்கு நடுவே இருப்பதெல்லாம் உலர்ந்தபடியே கிடக்கும். நீங்கள் தோண்டியது அப்படி ஓர் உலர்ந்த திட்டு.

இந்த நிலையில் மூடாக்கு போட்டால் வறட்சியைத்தான் மூடி வைப்பீர்கள். முதலில் மண்ணை நனைக்க வேண்டும். பூவாளியால் பாத்தி முழுக்க மெல்லத் தூவுங்கள், பதினைந்து நிமிடம் விடுங்கள், மறுபடி தூவுங்கள். மூன்று நான்கு முறை. காலிப் பாத்தியாக இருந்தால் நனைத்துக்கொண்டே முள்வாரியால் கிளறலாம். பிறகு ஒரு சாண் தோண்டி விரலை விட்டுப் பார்க்காமல் மூடாதீர்கள். ஒருமுறை முழுதாக நனைந்த மணல், ஈரம் முற்றாகப் போகாதவரை, இந்தக் குறும்பைச் செய்வதில்லை. மூடாக்கின் வேலை அங்கேதான் தொடங்குகிறது.

நிரந்தரமாகத் தீர வேண்டுமானால் கொஞ்சம் களிமண்ணோ வண்டலோ காய வைத்துப் பொடித்து மேல்மண்ணில் கலப்பது நல்லது. பாத்திரம் கழுவும் சோப்பைக் கரைத்து ஊற்றலாம் என்று யாராவது யோசனை சொல்வார்கள். நான் சொல்ல மாட்டேன்.

கல்லும் சொல்லும்

இவ்வளவு தொல்லை எதற்கு? சரளைக் கல் பரப்புங்கள். மட்காது, பறக்காது, கரையான் தின்னாது, ஆண்டுதோறும் வாங்கிச் சுமக்க வேண்டாம்.

ஸ்பெயினுக்குச் சொந்தமான லான்சரோட்டே தீவைப் பற்றிப் படித்துப் பாருங்கள். 1730 முதல் 1736 வரை எரிமலை வெடித்து நிலத்தையெல்லாம் கருஞ்சாம்பலும் சிறு சரளையும் மூடிவிட்டன. அழிந்தது என்று நினைத்த நிலத்தில் அதே சரளையை மூடாக்காக வைத்து இன்றுவரை திராட்சை விளைவிக்கிறார்கள். மழை மிகக் குறைவான தீவு அது.

பழைய மண்வெட்டி

நல்ல எடுத்துக்காட்டு. ஆனால் அது என் கட்சிக்குத்தான் சாட்சி சொல்கிறது. அங்கே கொடியைச் சரளைக்குள் நடுவதில்லை. சரளையைத் தோண்டிக் குழி பறித்து, அடியில் புதைந்துபோன பழைய மண்ணை எட்டி, அதில் வேர் பிடிக்க வைக்கிறார்கள். மேலே உள்ள சரளை மூடி. தண்ணீரைப் பிடித்து வைப்பது அடியிலிருக்கும் மண். ஓட்டைக்குடத்தின் பாத்தியில் மூடிக்குக் கீழே அப்படி என்ன இருக்கிறது? இன்னும் ஆறடி மணல்.

அவருடைய பெயரையே எடுத்துக்கொள்ளுங்கள். குடத்தில் ஓட்டை அடியில். நீங்கள் எல்லோரும் மேல்மூடியைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறீர்கள்.

கணக்காகவே சொல்கிறேன். செடி எடுத்துக்கொள்ளக்கூடிய தண்ணீர் என்று பார்த்தால், 30 சென்டிமீட்டர் ஆழ மணல் ஒரு சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 15 முதல் 25 லிட்டர்தான் வைத்திருக்கும். நல்ல வண்டல் கலந்த மண் அதே ஆழத்தில் 45 முதல் 60 லிட்டர் வைத்திருக்கும். உங்கள் பாத்தி 3.6 சதுர மீட்டர். முழுக்கக் காய்ந்திருந்தாலும் 54 முதல் 90 லிட்டருக்கு மேல் அது ஏற்காது. பத்து லிட்டர் பூவாளியில் ஆறு முதல் ஒன்பது. அரை மணி நேரம் குழாயைப் பிடித்தால் மிச்சமெல்லாம் வேருக்குக் கீழே போய்விட்டது. அதோடு தழைச்சத்தும் போய்விட்டது. அந்த நஷ்டத்தை எந்த மூடாக்கும் தடுக்காது.

மூடாக்கு தடுப்பது மேலே ஆவியாகப் போவதை. இரண்டும் வேறு வேறு.

கல்லுக்கு இன்னொரு குறையும் உண்டு. மணலில் கல் மெல்ல மெல்ல அமிழ்ந்துவிடும். இரண்டு மூன்று ஆண்டில் பாதி உள்ளே போய்விடும். பிறகு களைக்கொத்து இறக்கும்போதெல்லாம் டங் டங் என்று கேட்டுக்கொண்டிருப்பீர்கள். என் நண்பர் ஒருவர் இன்னும் பொறுக்கிக்கொண்டிருக்கிறார். கள்ளி, கற்றாழை வகைகளுக்குக் கல் பொருத்தம். காய்கறிப் பாத்திக்கு வேண்டாம்.

அளந்துபார்

ஒரு சந்தேகம். மணலில் மேல் இரண்டு மூன்று சென்டிமீட்டர் காய்ந்துவிட்டால் அடியிலிருந்து ஈரம் மேலே ஏறும் தொடர்பு அறுந்துவிடும். அதன் பிறகு ஆவியாவது மிகவும் குறைந்துவிடுகிறது. காய்ந்த மணலே ஒரு மூடாக்குதானே? களிமண்ணுக்குத்தான் மூடாக்கு அவசியம், மணலுக்கு அது கூடுதல் செலவு என்று ஏன் சொல்லக் கூடாது?

சருகுமூட்டை

நல்ல கேள்வி. வாரம் ஒருமுறை ஆழமாகத் தண்ணீர் விடும் தோட்டமாக இருந்தால் நீங்கள் சொல்வதில் பெரும்பங்கு உண்மை. ஆனால் இவர் நாளுக்கு இரண்டு முறை விடுகிறார். ஒவ்வொரு முறையும் மேல்மணலை நனைத்துவிடுகிறார்; அது காய்ந்து பூட்டிக்கொள்வதற்குள் மறுபடி நனைக்கிறார். மேல்மணல் நாள்தோறும் இரண்டு முறை வெயிலுக்குப் படையல். மூடாக்கு இருந்தால் அந்த மேல் மூன்று சென்டிமீட்டரும் வேருக்குக் கிடைக்கும்.

வெப்பத்தையும் பாருங்கள். வெயிலில் காய்ந்த மணலின் மேற்பரப்பு 50 டிகிரியை எளிதில் தாண்டும். அந்த மணல் மூடாக்காகத் தண்ணீரைக் காக்கலாம், மேல்வேரைக் காக்காது. செருப்பில்லாமல் நடந்து பார்த்தவர்களுக்குத் தெரியும்.

மூன்றாவது, எனக்கு இதுதான் முக்கியம்: மட்கும் மூடாக்கு சாப்பாடு. மணலில் அங்ககப் பொருளைப் பற்றிக்கொள்ளக் களித்துகள்கள் இல்லை. சூடும் காற்றும் தாராளம். போட்ட தொழுவுரம் களிமண்ணில் இருப்பதைவிட வேகமாகக் கரைந்து காணாமல் போய்விடும். மேலிருந்து தொடர்ந்து ஏதாவது விழுந்துகொண்டே இருந்தால்தான் கணக்குச் சரியாகும். மட்காத மூடாக்கு மணலுக்குப் பாதி மூடாக்கு.

ஓட்டைக்குடம்

புரிகிறது. அப்படியானால் எதைப் போடுவது? எனக்கு எளிதாகக் கிடைப்பவை: மரச்சருகு (நிறைய), வைக்கோல் (ஓரளவு), தென்னைநார்க் கழிவு, புல்வெளியில் வெட்டிய புல், மரம் கழித்தபோது அரைத்த மரச்சில்லு ஒரு குவியல், பழைய அட்டைப் பெட்டிகள்.

ஈரக்கை

இந்தப் பட்டியலை வைத்துக்கொண்டா கவலைப்படுகிறீர்கள்? ஒவ்வொன்றாகச் சொல்கிறேன். நானும் மணலில்தான் பதினோரு ஆண்டாகத் தோட்டம் வைத்திருக்கிறேன். இவை எல்லாவற்றிலும் கையைச் சுட்டுக்கொண்டவள்.

சருகுதான் உங்கள் சோறு. ஆனால் முழு இலையாகப் போடாதீர்கள். அகன்ற இலைகள் ஒன்றன்மேல் ஒன்று ஓடு வேய்ந்ததுபோலப் படிந்துவிடும். மழை அதன் மேல் வழிந்து பாதைக்குப் போய்விடும். சாக்கில் போட்டு மிதியுங்கள், அல்லது காய்ந்த தரையில் பரப்பி மண்வெட்டியால் அடித்து நொறுக்குங்கள். நொறுங்கிய சருகு தண்ணீரை விடுகிறது, காற்றில் அவ்வளவாகப் பறப்பதுமில்லை. தைல மர இலைகளை மட்டும் தவிர்த்துவிடுங்கள். அவற்றின் எண்ணெயும் மெழுகும் உங்கள் மணலின் நோயை இன்னும் கூட்டும்.

வைக்கோல் நன்றாக இருக்கும், வெளிர் நிறமாக இருப்பதால் சூடும் குறையும். ஆனால் நெல் மிச்சமிருந்தால் பாத்தியில் நாற்றங்கால் முளைக்கும். எனக்கு ஒருமுறை முளைத்தது. பார்க்க அழகாகத்தான் இருந்தது. இன்னொரு எச்சரிக்கை: சில களைக்கொல்லிகள் வைக்கோலிலும், அதைத் தின்ற மாட்டின் சாணத்திலும்கூட மாதக்கணக்கில் தங்கிவிடும். எங்கிருந்து வந்தது என்று தெரியாத வைக்கோலாக இருந்தால், ஒரு தொட்டியில் அதை நறுக்கி மண்ணோடு கலந்து நான்கு அவரை விதை போடுங்கள். மூன்று வாரத்தில் இலைகள் கிண்ணம்போலச் சுருண்டு முறுக்கிக்கொண்டால் அந்த வைக்கோல் பாத்திக்கு ஆகாது. அவரை நன்றாக வந்தால் தைரியமாகப் போடலாம்.

தென்னைநார்க் கழிவில் உப்பு இருக்கலாம். இரண்டு மூன்று முறை நல்ல தண்ணீரில் அலசிப் பிழிந்த பிறகே பயன்படுத்துங்கள். அப்போதும் அதை மேல் மூடாக்காகப் போடுவதில் எனக்கு உடன்பாடில்லை. பஞ்சுபோல முதல் தண்ணீரையெல்லாம் தானே குடித்துக்கொண்டு மேலே உட்கார்ந்திருக்கும். உங்கள் மரத்தூள் செய்ததும் அதுதான். மட்க வைத்து மண்ணுக்குள் கலந்தால் அதே பஞ்சுக்குணம் வரமாகிவிடும். மட்காமல் கலந்தால் மறுபடி மஞ்சள் இலை.

வெட்டிய புல்லைப் பச்சையாகக் கனமாகக் கொட்டினால் சூடேறி, கூழாகி, நாறும். ஒருநாள் காய வைத்து இரண்டு சென்டிமீட்டருக்கு மேல் போகாமல் தூவுங்கள். தழைச்சத்து நிறைந்த பொருள் அது. சருகுக்கு நடுவே ஓர் அடுக்காகப் போட்டால் சருகு வேகமாக மட்கும்.

மரச்சில்லை முகர்ந்து பாருங்கள். காட்டு மண் வாசனை வந்தால் சரி. புளித்த காடி நெடி வந்தால் குவியலின் உள்ளே காற்றில்லாமல் புளித்திருக்கிறது என்று பொருள். அப்படியே போட்டால் இளஞ்செடி கருகிவிடும். பரப்பிச் சில நாள் காற்றாட விடுங்கள், நெடி போனதும் போடலாம். ஆனால் காய்கறிப் பாத்தியில் அடிக்கடி தோண்டுவீர்கள், சில்லு மண்ணுக்குள் போய்க்கொண்டே இருக்கும். அதை நடைபாதைக்கும் மரங்களின் தூருக்கும் வைத்துக்கொள்ளுங்கள்.

அட்டை: மணலில் எனக்குப் பிடிக்காது. காய்ந்தால் விறைத்துத் தண்ணீரைத் தள்ளிவிடுகிறது. களை மண்டிய புது இடத்தைத் திருத்தும்போது மட்டும், நன்றாக ஊறவைத்து, ஒட்டுநாடாவை உரித்துவிட்டு, ஒரு சாண் ஒன்றன்மேல் ஒன்று படும்படி விரித்து, மேலே சருகு போட்டு மூடுவேன்.

வேலியோரம்

இத்தனை சருகும் வைக்கோலும் போட்டால் கரையானை விருந்துக்கு அழைத்த மாதிரி ஆகாதா? எங்கள் மண்ணும் மணல்தான். ஒரே வாரத்தில் வைக்கோல் முழுவதும் மண்பூச்சாகிவிட்டது. அதோடு மூடாக்கையே விட்டுவிட்டேன்.

ஈரக்கை

வரத்தான் செய்யும். காய்ந்த நாரும் கட்டையும் எங்கே கிடந்தாலும் வரும். பெரும்பாலான கரையான்களுக்கு உயிருள்ள பச்சைச் செடியைவிடச் செத்த பொருள்தான் விருப்பம். மூடாக்கு எப்போதும் சற்று ஈரமாக, மட்கிக்கொண்டே இருந்தால் தொல்லை குறைவு. எலும்புபோலக் காய்ந்து கிடந்தால்தான் கூட்டம் கூடுகிறது. தண்டை ஒட்டிக் குவிக்காதீர்கள். வீட்டுச் சுவரையும் மரக் கதவு நிலையையும் ஒட்டி மட்கும் மூடாக்கு எதையும் போடாதீர்கள்; அங்கே மட்டும் கல் போட்டுக்கொள்ளுங்கள், கல்லும் சொல்லும் மகிழட்டும்.

என் தோட்டத்திலும் கரையான் இருக்கிறது. மேலே கிடக்கும் சருகை மண்ணுக்குள் கொண்டுபோகும் கூலியாள் என்று வைத்துக்கொண்டுவிட்டேன். நட்டு ஒரு மாதம் ஆகாத மரக்கன்றுகளைச் சுற்றி மட்டும் எதுவும் போட மாட்டேன். வாடிய கன்றை அது விடாது.

கல்லும் சொல்லும்

மகிழ்ந்தேன்.

ஓட்டைக்குடம்

அக்கா, நாளைக்கே தொடங்கப் போகிறேன். எவ்வளவு சருகு வேண்டும் என்று எப்படிக் கணக்கிடுவது? எவ்வளவு கனம்?

அளந்துபார்

கணக்கை நான் சொல்கிறேன். ஒரு சதுர மீட்டரில் ஒரு சென்டிமீட்டர் கனம் என்றால் 10 லிட்டர். நொறுக்கிய சருகு 8 சென்டிமீட்டர் போடுவதாக இருந்தால் சதுர மீட்டருக்கு 80 லிட்டர். உங்கள் ஒரு பாத்திக்கு 288 லிட்டர். 50 லிட்டர் சாக்கில் ஏறக்குறைய ஆறு. நான்கு பாத்திக்கும் இருபத்து மூன்று சாக்கு. ஓரிரு மாதத்தில் அது பாதியாகப் படிந்துவிடும், அதற்கும் சேர்த்துச் சேமியுங்கள்.

கனத்தைப் பற்றி ஒன்று. அதிகம் போட்டால் அதிக நன்மை என்று 15 சென்டிமீட்டர் அடுக்கிவிடாதீர்கள். ஒரு மில்லிமீட்டர் மழை என்பது சதுர மீட்டருக்கு ஒரு லிட்டர்தான். இரண்டு மூன்று மில்லிமீட்டர் தூறலைக் காய்ந்த தடித்த மூடாக்கு முழுதாகக் குடித்துவிட்டு மறுநாள் வெயிலுக்குக் கொடுத்துவிடும், மண்ணுக்கு ஒரு சொட்டும் போகாது. சருகு, வைக்கோல், சில்லு போன்ற கரடான பொருள்கள் 5 முதல் 10 சென்டிமீட்டர். நுண்ணிய பொருள்கள் என்றால் 3 முதல் 5. தூளாக இருக்க இருக்கக் கனம் குறைய வேண்டும்.

பழைய மண்வெட்டி

போடும் முறையையும் சொல்லிவிடுகிறேன், பிறகு மறுபடி களைக்கொத்தோடு இறங்கிவிடாதீர்கள்.

காலிப் பாத்தியில்: நன்கு மட்கிய தொழுவுரமோ இலைமட்கோ 4 சென்டிமீட்டர் கனத்துக்குப் பரப்பி (பாத்திக்கு ஏறக்குறைய 145 லிட்டர், மூன்று சாக்கு) ஒரு சாண் ஆழத்துக்குக் கொத்திக் கலந்துவிடுங்கள். வண்டல் கிடைத்தால் இதோடு சேருங்கள். குடத்தின் ஓட்டையை அடைப்பது இந்த வேலைதான். இதைச் செய்யாமல் மூடாக்கு மட்டும் போட்டால் முதல் ஆண்டில் பெரிதாக ஒன்றும் தெரியாது, மூடாக்கின் மேல் பழி வரும்.

செடி நிற்கும் பாத்தியில் கொத்த வேண்டாம். மட்கு உரத்தை இரண்டு சென்டிமீட்டர் மேலே தூவினால் போதும், தண்ணீரும் புழுவும் மெல்ல இறக்கிக்கொள்ளும்.

அடுத்து நனைத்தல், சருகுமூட்டை சொன்ன மாதிரி. சொட்டுநீர்க் குழாய் போடும் எண்ணம் இருந்தால் மூடாக்குக்கு அடியில் போட வேண்டும். மேலே போட்டால் சருகுக்குத்தான் பாசனம். குழாயைப் போட்டு, ஓடவிட்டு, எல்லாத் துளையும் சொட்டுகிறதா என்று பார்த்துவிட்டு மூடுங்கள். மூடிய பிறகு அடைபட்ட துளையைத் தேடுவது நரக வேதனை.

பிறகு மூடாக்கு. தண்டைச் சுற்றி நான்கு விரல் அகலம் வெறுமையாக விடுங்கள். மரமாக இருந்தால் ஒரு சாண். தண்டோடு சேர்த்துக் குவித்தால் அடிப்பட்டை எப்போதும் ஈரமாக இருந்து அழுகும், நத்தையும் வெட்டுப்புழுவும் குடியேறும். காற்று அடிக்கும் இடமென்றால் சருகைப் போட்டதும் பூவாளியால் நனைத்து, மேலே ஒரு பிடி வைக்கோலோ முறித்த சுள்ளிகளோ போட்டு வையுங்கள்.

வெண்டைப் பாத்தியை முழுக்க மூடாதீர்கள். விதைக்கும் வரிசையில் ஓர் அடி அகலம் திறந்திருக்கட்டும். நாற்று ஒரு சாண் உயரம் வந்ததும் மெல்ல நெருக்கிக்கொள்ளலாம். முளைக்கும் விதையின் மேல் எட்டு சென்டிமீட்டர் சருகைப் போட்டுவிட்டு விதை சரியில்லை என்று திட்டுபவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

வேலியோரம்

ஐயா, அந்தத் திட்டியவர்களில் நானும் ஒருவன்.

ஓட்டைக்குடம்
(ஏழு வாரம் கழித்து)

திரும்பி வந்திருக்கிறேன். நீங்கள் சொன்னபடியே காலிப் பாத்தியில் தொழுவுரமும் பொடித்த வண்டலும் கலந்து, மிளகாய் நாற்று நட்டு, நொறுக்கிய சருகு போட்டேன். கத்தரிப் பாத்தியில் மரத்தூளை வாரிவிட்டு மேலே உரம் தூவிச் சருகு போட்டேன். இன்னொரு பாத்தியில், உங்கள் பேச்சைக் கேட்காமல், உரம் எதுவும் போடாமல் சருகை மட்டும் போட்டு வைத்தேன். வேறுபாடு தெரிய வேண்டுமல்லவா.

தெரிந்தது. தண்ணீர் விட்ட மறுநாள் மாலை மூன்று பாத்தியிலும் விரலை விட்டுப் பார்ப்பது பழக்கமாகிவிட்டது. சருகு மட்டும் போட்டதில் மேல் இரண்டு விரற்கடை ஈரமாக, குளிர்ச்சியாக இருக்கிறது. அதற்குக் கீழே விரல் நுனியில் மணல் ஒட்டுவதில்லை. உரம் கலந்ததில் விரல் முழுக்க இறங்குகிறது, எடுத்தால் கறுப்பாக ஒட்டிக்கொண்டு வருகிறது. அந்தப் பாத்திக்கு இப்போது இரண்டு நாளுக்கு ஒருமுறை ஏழு பூவாளிதான். கத்தரி இரண்டுக்கும் நடுவே இருக்கிறது. புது இலைகள் பச்சையாக வந்துவிட்டன.

இரண்டு புதுத் தொல்லைகள். ஒன்று, சருகைத் தூக்கினால் அடியில் வெள்ளை நூலாக, சிலந்தி வலைபோல ஏதோ படர்ந்திருக்கிறது. செடிக்கு நோயா? மற்றது, விடியற்காலையில் பறவைகள் வந்து சருகையெல்லாம் காலால் பறித்துப் பாதையில் எறிந்துவிடுகின்றன. தினமும் கூட்டி மறுபடி பாத்தியில் போடுவதே எனக்கு உடற்பயிற்சி.

சருகுமூட்டை

வெள்ளை நூல் பூஞ்சை இழை. சருகை மட்க வைக்கும் வேலையாள், நோய் இல்லை. ஆனால் அது காய்ந்து தடித்த பாய்போல ஆனால் தண்ணீரைத் தள்ளும். மாதம் ஒருமுறை முள்வாரியால் மேலாகக் கலைத்துவிடுங்கள். அந்தச் சொட்டுச் சோதனையை மறுபடி செய்து பார்த்தீர்களா?

ஓட்டைக்குடம்

இன்று காலை செய்தேன், அண்ணா. உரமும் வண்டலும் கலந்த பாத்தி மணலைக் காய வைத்துச் சொட்டு விட்டேன்: மூன்று எண்ணுவதற்குள் போய்விட்டது. சருகு மட்டும் போட்ட பாத்தியில் இன்னும் பதினைந்து வரை நிற்கிறது.

ஈரக்கை

பறவைகள் பறிக்கின்றன என்றால் அடியில் புழு வந்துவிட்டது. வெறும் மணலாக இருந்தபோது அவை உங்கள் பக்கம் திரும்பியாவது பார்த்தனவா? பாத்தி விளிம்பில் ஒரு சாண் உயரத்துக்குச் சுள்ளிகளை நட்டு வையுங்கள், சருகு வெளியே வருவது குறையும். மேலே வலை விரித்தால் பறவையின் கால் சிக்கும், வேண்டாம்.

ஓட்டைக்குடம்

சுள்ளி நடுகிறேன், அக்கா. இன்னொன்று கேட்க மறந்துவிட்டேன். மற்ற களைகளெல்லாம் அடங்கிவிட்டன. கோரை மட்டும் சருகைக் குத்திக்கொண்டு ஊசிபோல மேலே வருகிறது. இன்னும் கனமாகப் போட்டால் நிற்குமா?

பழைய மண்வெட்டி

நிற்காது. அது கிழங்கிலிருந்து வருகிறது, பிளாஸ்டிக் தாளையே துளைத்துக்கொண்டு வரும். ஆனால் உங்களுக்கு ஓர் அனுகூலம் இருக்கிறது: மணல் ஈரமாக இருக்கும்போது கைக்களைக்கொத்தை ஆழமாக இறக்கி நெம்பினால் கிழங்கோடு வந்துவிடும். களிமண்காரர்களுக்கு அந்த யோகம் கிடையாது. முளை நான்கு ஐந்து இலை விடுவதற்குள் எடுங்கள், வாரம் தவறாமல். பிடுங்கியதை மூடாக்கோடு போட்டுவிடாதீர்கள்.